பில்லில் ஏறாத சால்னா

ஏழுகண் பாலத்தில் இறங்கி யாரைக் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்வார்கள், ஆளுக்கொரு கரண்டி கூட்டியோ குறைத்தோதான் சொல்வார்கள், ஆனால் சால்னா தேக்சா குறையவில்லை என்பதில் மட்டும் ஒருவருக்கும் மாற்றுப்பேச்சு கிடையாது, ஏனென்றால் அதைத் தின்னாத வாய் என்று எங்கள் ஊரில் ஒன்று இல்லை.

ஊர் என்றால் பெரிய ஊர் இல்லை. ஆற்றுக்குக் குறுக்கே ஏழு வளைவு வைத்து ஒரு பாலம், பாலம் இறங்கினால் சாலைக்கு இந்தப் பக்கம் தர்கா, அந்தப் பக்கம் மாதா கோயில், நடுவில் வேப்பமரத்தடியில் இசக்கியம்மன், அவளுக்கு எதிரே பஸ் நிற்கும் இடம், பஸ் நிற்கும் இடத்துக்கு நேராக முகைதீன் பரோட்டா ஸ்டால். முகைதீன் பாய் திடீரென்று போய்ச் சேர்ந்தபோது கடை அவ்வளவுதான் என்றுதான் நாங்கள் நினைத்தோம், ஆனால் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தா நாட்கள் முடிந்த மறுநாள் காலையில் அவர் மனைவி மைமூன் வெள்ளைத் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்து கல்லாவில் உட்கார்ந்தாள், உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

கட்டடம் அவளுடையது இல்லை. முகைதீன் பாயின் அண்ணன் அசனாருடையது. அசனார் திருநெல்வேலியில் அரிசி மண்டி வைத்திருந்தார். கெட்ட மனுசர் இல்லை, வாழ்நாள் முழுக்க மூட்டைகளோடு இருந்துவிட்டதால் மூட்டைகள் பேசுவதை மட்டுமே நம்புகிறவர். அவர் ஒருநாள் வந்து, சரக்கறையை எட்டிப் பார்த்து, கதவில் சாய்ந்துகொண்டு சொன்னார்:

"மைமூன், உன்னக் குத்தம் சொல்லல. ஆனா மைதா வருது, போவுது, எங்க போவுதுன்னு உனக்கும் தெரியல, எனக்கும் தெரியல. தர்கா கந்தூரிக்கு வாரேன். இருக்க வேண்டிய சரக்கும் இருக்கிற சரக்கும் அன்னைக்கு ஒண்ணா நின்னா இந்தக் கடைய உன் பேருக்கே எழுதித் தாரேன். நிக்கலன்னா செல்போன் கடைக்காரன் இடத்தக் கேட்டு நச்சரிச்சுக்கிட்டு இருக்கான்."

"சரி மச்சான்," என்றாள் மைமூன். அவர் போன பிறகு, பரோட்டா மாஸ்டர் சொரிமுத்துவைக் கூப்பிட்டு, "மெஷினு வாங்கணும்," என்றாள்.

மெஷினைக் கொண்டுவந்தது பாளையங்கோட்டையிலிருந்து ஜெனிட்டா என்ற பெண். முகம் பார்க்கும் கண்ணாடி அளவுக்கு ஒரு திரை, அதற்குக் கீழே பில்லைத் துப்புகிற ஒரு வாய். வெறும் பில் போடுகிற மெஷின் இல்லை இது என்று ஜெனிட்டா விளக்கினாள். ஒரு பரோட்டாவுக்கு எவ்வளவு மைதா, எவ்வளவு எண்ணெய், ஒரு ஆம்லெட்டுக்கு எத்தனை முட்டை, எவ்வளவு வெங்காயம் என்று ஒருமுறை உள்ளே சொல்லிவிட்டால் போதும். அப்புறம் கல்லாவில் பரோட்டா என்று தட்டினால் சரக்கறைக் கணக்கில் மைதா தானாகக் குறையும், எண்ணெய் தானாகக் குறையும்.

சொரிமுத்து கையில் மாவோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "குறைஞ்சிட்டோம்னு மைதாவுக்குத் தெரியுமா?"

"அண்ணே?"

"இல்ல, மெஷினுக்குத் தெரியுது. மைதாவுக்கும் யாராச்சும் சொல்லணும்லா."

ஜெனிட்டா சிரித்துவிட்டாள். ஆனால் வேலை சிரிப்பாக இல்லை. சொரிமுத்துவின் கைக்குத் தெரிந்தது அவன் வாய்க்குத் தெரியாது. அவன் உருண்டை பிடிக்கப் பிடிக்க அவள் தராசில் வைத்து வைத்து எழுத வேண்டியிருந்தது. பரோட்டா முடிந்தது, வீச்சு முடிந்தது, முட்டை வீச்சு, கொத்து, ஆம்லெட், கலக்கி, டீ எல்லாம் முடிந்தது. கடைசியில் அவள் அடுப்பைப் பார்த்தாள். அடுப்பின் மேல் ஒரு ஆள் உட்கார்ந்து குளிக்கிற அளவுக்குப் பெரிய அலுமினிய தேக்சாவில் சால்னா கொதித்துக்கொண்டிருந்தது.

"அக்கா, சால்னாவ எந்த ஐட்டத்துக்குக் கீழ போடணும்? பரோட்டாவுக்குக் கீழ போட்டுரவா?"

"கீழயா? மேலல்லா ஊத்துவோம்," என்றான் சொரிமுத்து.

"அண்ணே, ஒரு பரோட்டாவுக்கு எத்தன கரண்டி? அதச் சொல்லுங்க."

"அது ஆளப் பாத்துத்தான். லாரி டிரைவருக்கு நாலு. வாத்தியாருக்கு ஒண்ணு, அதுவும் ஓரமா. வண்டி மாரியப்பன் வந்தான்னா வாளியவே மேசையில வச்சிட்டு நாங்க ஒதுங்கிருவோம்."

"சராசரியா ஒரு கணக்கு..."

இப்போது மைமூன் பேசினாள். "சால்னா வியாபாரம் இல்லம்மா. கேட்டா ஊத்துறது. கேக்காட்டியும் ஊத்துறது. பரோட்டா வாங்காம சட்டியோட வந்து நின்னாலும் ஊத்துறதுதான். எங்க வீட்டுக்காரர் இருந்தப்பவும் அப்படித்தான். அத எதோடயும் முடிச்சுப் போட்டுராத."

கணக்கு உதைக்குமே என்று ஜெனிட்டா தயங்கினாள். பிறகு, சரக்குப் பக்கத்தில் 'சால்னா, ஒரு தேக்சா' என்று எழுதி, அதை எதனோடும் இணைக்காமல் விட்டுவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடித்துப் போனாள்.

மறுநாள் காலையிலிருந்து தேக்சா குறையவில்லை.

முதலில் பார்த்தது சொரிமுத்து. மதியக் கூட்டம் முடிந்து அவன் கரண்டியை உள்ளே விட்டபோது, காலையில் எந்தக் கோட்டில் நின்றதோ அந்தக் கோட்டிலேயே சால்னா நின்றது, மேலே அதே எண்ணெய் மிதந்தது, அதே கறிவேப்பிலை அதே இடத்தில் ஒட்டியிருந்தது. அவன் ஒரு வாளி மொண்டான், நின்றது. இன்னொரு வாளி மொண்டான், நின்றது. அவன் போய் மைமூனிடம், "யக்கா, நாளைக்குத் தேங்காய் வாங்க வேண்டாம்," என்றான். அவள் எழுந்து வந்து பார்த்தாள், வாயில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். "உப்பு சரியாத்தான் இருக்கு," என்றுவிட்டுக் கல்லாவுக்குத் திரும்பினாள்.

அன்று சாயங்காலத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. தர்காவில், எல்லாம் அவுலியாவின் பார்வை என்று சொன்னார்கள். மாதா கோயிலில், அப்பமும் மீனும் பெருகியபோது சால்னாவுக்கு என்ன என்று சொன்னார்கள். இசக்கியம்மன் கோயில் பூசாரி, அம்மன் கடைக்கு நேரெதிரே உட்கார்ந்து யாரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று மட்டும் கேட்டார். டீக்கடை வாசலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறவர்களில் ஒருவர், அடியில் குழாய் இருக்கிறது என்று அடித்துச் சொல்லி, வேட்டியை மடித்துக் கட்டி, அடுப்புக்குக் கீழே படுத்துப் பார்த்துவிட்டுத் தலையெல்லாம் சாம்பலோடு எழுந்து வந்தார், வந்தவருக்கு மைமூன் ஒரு தட்டு வைத்தாள், அவர் தின்றுவிட்டு, "குழாய் இல்ல, ஆனா காரணம் இருக்கும்," என்றார்; அதை நாங்களும் ஒத்துக்கொண்டோம்.

பிறகு அது பழகிவிட்டது. மழை பெய்வதும் பஸ் தாமதமாக வருவதும் பழகுவதுபோலப் பழகிவிட்டது. வீடுகளில் குழம்பு வைப்பதை நிறுத்தினார்கள். சோறு மட்டும் வடித்துவிட்டு, தூக்குச்சட்டியைக் கையில் மாட்டிக்கொண்டு நடந்தார்கள். காலையில் தர்காத் தெருவும் பத்து மணிக்கு மாதா கோயில் தெருவும் வெயில் சாய்ந்ததும் அம்மன் கோயில் தெருவும் என்று தாமாகவே ஒரு முறை வந்துவிட்டது, அதை யாரும் போடவில்லை, யாரும் மீறவும் இல்லை. மாப்பிள்ளை பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள், மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்பதற்கு முன், வீட்டிலிருந்து கடை எத்தனை தூரம் என்று கேட்டார்கள். பேசாமல் இருந்த அண்ணன் தம்பிகள் வரிசையில் முன்னும் பின்னுமாக நின்று நின்று, வேறு வழியில்லாமல் பேசிக்கொண்டார்கள்.

பக்கத்தில் சைவக் கடை வைத்திருந்த கோமதிநாயகம் பிள்ளைக்குத்தான் கஷ்டம். அவர் ஒருநாள் வந்து கல்லாவுக்கு முன்னால் நின்றார்.

"பாயம்மா, என் சாம்பார ஒரு பயலும் தொட மாட்டேங்கான். இட்லிய மட்டும் வாங்கிக்கிட்டு நேரா இங்கன வந்துருதான்."

"அப்ப இட்லி போவுதுல்லா அண்ணாச்சி?"

"போவுது. முன்னைக்கு மூணு மடங்கு போவுது."

"அப்புறம் என்ன கொறை?"

பிள்ளை மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "கொறைன்னு இல்ல. மனசு கேக்கல," என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எலும்பு விழாத கரண்டி ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டார். சொரிமுத்து அவருக்கென்று ஒரு வடிகட்டியை ஆணியில் மாட்டிவைத்தான், அது யாருக்கு என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் கேட்டதில்லை.

மைமூனுக்கு மட்டும் இந்தக் கொண்டாட்டத்தில் மனசு ஒட்டவில்லை. அவள் கண் மெஷின்மேல் இருந்தது. சால்னா ஊருக்கு அதிசயம், அவளுக்குக் கந்தூரிதான் கணக்கு. ஒரு பரோட்டா பில் இல்லாமல் போகக்கூடாது, ஒரு முட்டை கைதவறி உடையக்கூடாது. சொரிமுத்து பழக்கதோஷத்தில் பசித்துவந்த ஒருவருக்கு ரெண்டு பரோட்டாவைத் தூக்கிப்போட்டால், அவள் தன் பெயரில் அதற்கு ஒரு பில் போட்டுக்கொள்வாள். முகைதீன் பாய் இருந்திருந்தால் சிரித்திருப்பார் என்று அவளுக்குத் தெரியும். கடை கையைவிட்டுப் போனால் அவர் சிரிக்கமாட்டார் என்பதும் தெரியும்.

இப்படி இருக்கும்போது கந்தூரி வந்தது, கந்தூரிக்கு முன்னால் மழை வந்தது.

எங்கள் ஊர் மழை பார்க்காத ஊர் இல்லை, ஆனால் அந்த மழை மேகத்திலிருந்து பெய்ததுபோல் இல்லை, கடலைத் தூக்கி நிறுத்திச் சாய்த்ததுபோல் இருந்தது. விடிகாலையில் பாலத்தின் முதல் கண் மூழ்கியது, வெயில் ஏறவேண்டிய நேரத்தில் நாலு கண் மூழ்கியது, மதியத்துக்குள் ஏழு கண்ணையும் மூடிக்கொண்டு ஆறு பாலத்தின் தலைமேல் நடந்துபோனது. அந்தப் பக்கம் சாலை அறுந்தது, இந்தப் பக்கம் குளம் உடைந்தது. கந்தூரிக்கு வந்த பஸ்கள் நடுவில் மாட்டிக்கொண்டன. சந்தனக்கூடு அலங்கரிக்க வந்தவர்கள், கொட்டுக்காரர்கள், கைக்குழந்தைக்காரிகள், நேர்ச்சைக்கு ஆட்டைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு குடும்பம், அந்த ஆடு, எல்லாரும் நனைந்து ஊருக்குள் வந்தார்கள். தாழ்வான தெருக்களிலிருந்து எங்கள் ஆட்களும் அடுப்பை விட்டுவிட்டு ஏறி வந்தார்கள். மேடாக நின்றது தர்கா மண்டபமும் கடை வரிசையும்தான். பிள்ளையின் கடையில் கூரை ஒழுகி, அரைத்துவைத்த மாவு மழைத்தண்ணீரில் கரைந்துபோய்விட்டது.

அந்தக் கூட்டத்தில் அசனாரும் இருந்தார். சொன்ன சொல்லுக்குச் சரக்கைப் பார்க்க வந்திருந்தார். மெஷினின் கணக்கை அவருக்குப் படித்துக்காட்ட ஜெனிட்டாவும் காலை பஸ்ஸில் வந்து மாட்டியிருந்தாள்.

மழைச்சத்தத்துக்கு மேலே ஒரு குழந்தை அழுதது, அது அழுததும் இன்னும் பல குழந்தைகளுக்கு அழுகை ஞாபகம் வந்தது. கூட்டம் கடையைப் பார்த்து நின்றது. கேட்கவில்லை, நின்றது. தேக்சா நிறைய சால்னா இருந்தது. ஆனால் வெறும் சால்னாவைக் குடித்து எத்தனை நேரம் இருக்கமுடியும்? சரக்கறையில் கொஞ்சம் மைதா மூட்டை, கொஞ்சம் எண்ணெய் டின், சில அட்டை முட்டை. கந்தூரி ஒருநாள் வியாபாரத்துக்கு வாங்கிவைத்தது.

அசனார் மைமூனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "கரண்ட் இல்லன்னாலும் மெஷின்ல பேட்டரி இருக்கும்லா. பில்லப் போட்டே குடு. நாஞ் சொன்னது சொன்னதுதான் மைமூன். கணக்குல இல்லாம ஒரு பரோட்டா போனாலும் நாளைக்கு எங்கிட்ட வந்து மழைன்னு சொல்லாத."

"பில்லுக்குப் பைசா வச்சிருக்கிறவன் மொதல்ல தின்பான் மச்சான்," என்றாள் மைமூன். "பையோட ஆத்துல விட்டுட்டு வந்தவன் பாத்துக்கிட்டு நிப்பான்."

"அது எனக்கும் தெரியும்."

"தெரிஞ்சா சரி."

அவள் மெஷினைப் பார்த்தாள். கடையைப் பார்த்தாள். பச்சைச் சுண்ணாம்பு அடித்த சுவர், முகைதீன் பாய் தன் கையால் அடித்த பெஞ்சு, கல்லாவுக்கு மேலே தொங்குகிற காபா படம், எல்லாவற்றையும் ஒருமுறை, விருந்தாடி ஊருக்குக் கிளம்பும்போது வீட்டைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகு மெஷினின் பொத்தானை அமுக்கி அணைத்தாள், அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினாள், துப்பட்டியை இறுக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து சொன்னாள்:

"இன்னைக்குப் பில் கிடையாது. எல்லாரும் உக்காருங்க. பிள்ளைக்காரிக முன்னால வாங்க."

அசனார் அவளைத் தடுக்கவில்லை என்பதை நாங்கள் சொல்லத்தான் வேண்டும். அவர் மேற்கூரை ஒழுகாத ஒரு மூலையைப் பார்த்து நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு, ஒரு கடை கைமாறுவதைப் பார்ப்பவரைப்போல் பார்த்துக்கொண்டிருந்தார்.

சொரிமுத்து முதல் மூட்டையை அவிழ்த்தான். அள்ளினான், பிசைந்தான், வீசினான், கல்லில் போட்டான். மறுபடி அள்ளப் போனான். போனவன் வரவில்லை. மைமூன் கூப்பிட்டாள், வரவில்லை. ஜெனிட்டா உள்ளே போய்ப் பார்த்தாள். அவன் மூட்டைக்கு முன்னால் முழங்கை வரை வெள்ளையாக நின்றுகொண்டிருந்தான்.

"பாப்பா, இந்த மூட்டைய நான் தொட்டனா தொடலையா?"

"கையெல்லாம் மாவா இருக்கே அண்ணே."

"அப்ப இது ஏன் வாய்வரைக்கும் நிக்குது?"

அவன் அவள் கண்ணுக்கு முன்னாலேயே ஒரு படி அள்ளினான். மைதா குறையவில்லை. எண்ணெய் டின்னைச் சாய்த்து ஒரு சட்டி நிறைய ஊற்றினான். டின் குறையவில்லை. ஜெனிட்டா அட்டையிலிருந்து ஒரு முட்டையை எடுத்தாள். கையில் முட்டை இருந்தது, அட்டையில் காலிக் குழி இல்லை. அவள் திரும்பி, துண்டு மூடிய மெஷினைப் பார்த்தாள், அடுப்பில் இருந்த தேக்சாவைப் பார்த்தாள், அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"அண்ணே, நீங்க அன்னைக்குக் கேட்டீங்கள்லா, மைதாவுக்கு யாரு சொல்லுவான்னு. மெஷினு சொன்னாத்தான் அதுக்குத் தெரியுது. பில் போட்டா குறையுது. சால்னாவுக்கு என்னைக்குமே பில் கிடையாது. இன்னைக்கு எதுக்குமே கிடையாது."

சொரிமுத்து மெஷின்மேல் கிடந்த துண்டைப் பார்த்தான். "அப்ப யாரும் அந்தத் துண்ட எடுத்துராதீங்க," என்று சொல்லிவிட்டு, இரண்டு கையாலும் அள்ள ஆரம்பித்தான்.

அதற்குப் பிறகு நடந்ததை நாங்கள் எப்படிச் சொல்வது? மழை பெய்தது, நாங்கள் தின்றோம். ஆறு ஏறியது, நாங்கள் தின்றோம். ஒரு கல் போதாமல் பிள்ளையின் தோசைக்கல்லைத் தூக்கிவந்தார்கள், பிள்ளையே தூக்கிவந்தார், மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சொரிமுத்துவுக்குப் பக்கத்தில் நின்று அவரே திருப்பிப்போட்டார், "ஏவே, ஓரம் வேகல, அமுக்கிப் போடும்," என்று சொரிமுத்து அதட்டினான், அவர் அமுக்கிப்போட்டார். கொட்டுக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து மாவு உருட்டினார்கள், அந்தக் கைகளுக்குத் தாளம் தெரியுமாதலால் உருண்டைகள் எல்லாம் ஒரே அளவாக விழுந்தன. மாதா கோயில் ஃபாதர் வாளியைத் தூக்கிக்கொண்டு தர்கா மண்டபத்துக்குள் நடந்து நடந்து ஊற்றினார். இசக்கியம்மனுக்கும் ஒரு தட்டு வைக்கப்பட்டது, கோழி எலும்போடுதான், அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. நேர்ச்சை ஆடு கோயில் வேப்பிலையையும் தர்கா மாலையையும் மாறிமாறித் தின்றது, அதை அறுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஒரு பஸ் கண்டக்டர், "நான் இந்த ரூட்டையே கேட்டு வாங்கிக்கப் போறேன்," என்றார். மைமூன் யாரும் விடுபட்டுவிடக்கூடாது என்று மூலை மூலையாகப் போய்ப் பார்த்து, அசனாரின் நாற்காலிக்கு முன்னாலும் ஒரு தட்டை வைத்துவிட்டுப் போனாள். அவர் மணியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தின்றார். மறுசோறு கேட்பதுபோல் தட்டைக் கொஞ்சம் நகர்த்தியும் வைத்தார், நாங்கள் பார்த்தோம்.

தண்ணீர் வடிந்தபோது ஏழு கண்ணும் ஒவ்வொன்றாக விழித்தன. பஸ்கள் சேற்றை உதறிக்கொண்டு, ஹாரனைக் கையெடுக்காமல் அடித்துக்கொண்டே பாலத்தில் ஏறின. ஜன்னல் வழியே கை கை கையாக நீண்டு ஆடியது. அவை போன பிறகு கடை வாசலில் எங்கள் ஊர் மட்டும் நின்றது. ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. அடுத்து என்ன நடக்கவேண்டும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அசனார் சட்டைக் கையை மடித்தார். "தராசக் கொண்டா," என்றார்.

மண்டிக்காரர் நிறுக்கிற நிறுவை அது. மூட்டையைத் தட்டித் தூசி உதறி நிறுத்தார், டின்னை வெளிச்சத்துக்கு எடுத்துப் பார்த்தார், முட்டை அட்டையை விரலால் தடவித் தடவி எண்ணினார். ஜெனிட்டா துண்டை எடுத்து, மெஷினை உயிர்ப்பித்து, ஒவ்வொன்றாகப் படித்தாள். மைதா, ஒன்றாக நின்றது. எண்ணெய், ஒன்றாக நின்றது. வெங்காயம், முட்டை, உப்பு, டீத்தூள், ஒன்றாக நின்றன. அவர் மைதாவை மறுபடி நிறுத்தார். முள் அதே இடத்தில்தான் நின்றது. எத்தனையோ வருசமாக மூட்டைகளின் பேச்சை மட்டுமே நம்பிய மனுசர், மூட்டை பேசியதைக் கேட்டுக்கொண்டு அப்படியே நின்றார்.

"நான் இங்கேயேதான உக்காந்திருந்தேன்," என்றார் கடைசியில். "என் கண்ணு முன்னாலல்லா ஊரே தின்னுச்சு. அதெல்லாம் எங்கேருந்து வந்துச்சு மைமூன்?"

"எனக்குத் தெரியல மச்சான். குடுத்தேன், அவ்வளவுதான்," என்றாள் மைமூன். "கடை போயிரும்னு நெனச்சுத்தான் குடுத்தேன்."

அவர் சரக்கறையை விட்டு வெளியே வந்தார். அவர் எப்போது வந்தாலும் கல்லா நாற்காலியில்தான் உட்காருவார்; அதைத் தாண்டிப் போனார். ஆட்கள் உட்காரும் பெஞ்சில், முகைதீன் பாய் அடித்த பெஞ்சில், டிரைவர்களும் வாத்தியார்களும் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தார், மேசையில் இரண்டு கையையும் வைத்தார்.

"ரெண்டு பரோட்டா," என்றார். "எனக்கு பில் உண்டு. கடைக்காரிக்குப் பில் போடத் தெரியுதான்னு பாப்போம்."

கடைக்காரி என்ற அந்தச் சொல் வாசல்வரைக்கும் வந்து, வாசலிலிருந்து தெருவுக்கு இறங்கி, தெருவிலிருந்து பாலத்துக்குப் போனது. கொட்டுக்காரர்கள் ஊருக்குப் போய்விட்டிருந்தார்கள், இருந்திருந்தால் அடித்திருப்பார்கள். அவர்கள் இல்லாததால் பிள்ளை தன் தோசைக்கல்லில் கரண்டியால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

மைமூன் கல்லாவில் போய் உட்கார்ந்தாள். துப்பட்டி நுனியால் முகத்தைத் துடைத்தாள். பரோட்டா என்று தட்டினாள், இரண்டு என்று தட்டினாள். மெஷின் காகிதத்தைத் துப்பியது. உள்ளே இருந்து சொரிமுத்து குரல் கொடுத்தான்: "மைதா இறங்கிட்டு யக்கா! சரியா ரெண்டு பரோட்டா அளவு!"

அவள் பில்லைக் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டு, பெஞ்சில் உட்கார்ந்திருந்த அசனாரைப் பார்த்தாள்.

"கையக் கழுவிட்டு வந்து உக்காருங்க மச்சான்," என்றாள். "எங் கடையில அதான் முறை."

அசனார் எழுந்தார், குழாயடிக்குப் போய், முழங்கை வரை சட்டையை ஏற்றிவிட்டுக்கொண்டு, நன்றாகத் தேய்த்துக் கையைக் கழுவினார்.